தண்டுவடத்துல ஊசின்னு சொல்றாங்களே, அந்த இடத்துல தண்டுவடம் இருக்கா?

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு (இழையைத் தொடங்கியவர்)
எல்லாருக்கும் வணக்கம்ங்க. வீட்டுக்காரிக்கு இன்னும் பத்து நாள்ல தேதி. குழந்தை குறுக்கால கிடக்கு, ஆபரேஷன்தான்னு சொல்லிட்டாங்க. அது கூட பரவால்ல. முதுகுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போக வைப்போம்னாங்க. அன்னையிலருந்து எங்க அம்மாயி ஒரே பாட்டு. "தண்டுவடத்துல ஊசி குத்துனா பொண்ணு ஆயுசுக்கும் நிமிரமாட்டா, மயக்கம் குடுத்துச் செய்யச் சொல்லு"ன்னு. வீட்டுக்காரியும் இப்ப பயந்துட்டா. டாக்டர்கிட்ட கேட்டா "ஒண்ணும் ஆகாது"ன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுட்டாங்க. ஏன் ஆகாதுன்னு யாராச்சும் சொல்லுங்களேன். நான் பத்தாவது பெயில், ஆனா புரியற மாதிரி சொன்னா புரிஞ்சுக்குவேன்.

கொண்டலாம்பட்டி_அக்கா
தம்பி, பயமுறுத்தணும்னு சொல்லல. எனக்கு 9 வருஷம் முன்னாடி அந்த ஊசி போட்டாங்க. இன்னைக்கும் குனிஞ்சு கோலம் போட்டா முதுகு பிடிச்சுக்குது. உங்க அம்மாயி சும்மா சொல்லல.

மயக்கமருந்துக்காரி
சேலத்துலதான் வேலை பார்க்கிறேன், தினமும் இந்த ஊசி போடுறவள். அக்காவுக்கு அப்புறம் வர்றேன், முதல்ல கேள்விக்குப் பதில்.

அந்த இடத்தில் தண்டுவடம் இல்லை. இதுதான் மொத்த ரகசியமும்.

தண்டுவடம் மூளையிலிருந்து கிளம்பி வால் எலும்பு வரைக்கும் போகிறதென்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். முதுகெலும்புதான் அவ்வளவு தூரம் போகிறது. அதற்குள்ளே இருக்கும் தண்டுவடம் பெரியவர்களுக்கு சுமார் 45 செ.மீ. நீளம்தான், நம்ம சுண்டுவிரல் அளவு தடிமன். கடைசி விலா எலும்புக்குக் கொஞ்சம் கீழே, இடுப்பு முள்ளெலும்புகள் ஐந்தில் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில், பென்சில் சீவின மாதிரி கூம்பாகி முடிந்துவிடும். அந்தக் கூம்புக்கு கோனஸ் என்று பெயர். நாங்கள் ஊசி போடுவது மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவில், இல்லையென்றால் நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில்.

அங்கே இருப்பது ஒரு பை. தெளிந்த தண்ணீர் மாதிரி திரவம் நிறைந்த பை. அந்தத் திரவத்துக்குள் நரம்பு வேர்கள் தொங்கிக்கொண்டிருக்கும். திரவத்தில் மிதப்பவை என்பதால் ஊசி முனை வந்தால் பெரும்பாலும் நழுவி விலகிக்கொள்ளும். ஒன்றிரண்டு பேருக்கு ஊசி வேரை உரசும், காலில் சுரீரென்று மின்சாரம் ஓடின மாதிரி இருக்கும். உடனே "கால்ல ஷாக் அடிக்குது"ன்னு சொல்லச் சொல்லுங்கள். ஊசியைப் பின்னால் இழுத்து வேறு கோணத்தில் போவோம்.

அம்மாபேட்டை_தறி
டாக்டரம்மா சொன்னதை என் பாஷையில சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. துண்டு நெய்யறோம்ல. ஒரு இடத்துல ஊடை நின்னு போயிடும். அதுக்கப்புறம் பாவு நூல் மட்டும் தொங்கும், குஞ்சம் விடறதுக்கு. தண்டுவடம் நெசவு, கீழ தொங்கறது குஞ்சம். ஊசி குஞ்சத்துல போகுது, துணியில போகல. சரியா?

மயக்கமருந்துக்காரி
அண்ணா, இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகாக நான் யாருக்கும் சொன்னதில்லை. நாளைக்கே வார்டில் உபயோகப்படுத்திக்கொள்கிறேன். புத்தகத்தில் இதற்குக் குதிரைவால் என்று பெயர், லத்தீனில் காடா ஈக்வைனா. குதிரைவாலைவிட உங்க குஞ்சம்தான் பொருத்தம், நூல் ஒவ்வொன்றும் மேலே நெசவுக்குள் எங்கிருந்து வருகிறதென்று தடம் பிடிக்க முடியுமே.

எலும்புக்கூடு_ரெண்டாம்வருஷம்
மருத்துவம் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், அனாடமி பரீட்சை முடிஞ்சு இன்னும் சூடு ஆறல, அதனால கொஞ்சம் நோண்டறேன். குஞ்சத்துல எல்லா நூலும் ஒரே ரகம் இல்ல. நடுவுல ஒரு நூல் நரம்பே கிடையாது. ஃபைலம் டெர்மினாலேன்னு பேரு. தண்டுவடத்தை ஒட்டிப் போர்த்தியிருக்கற மெல்லிய உறை, கூம்பு முடிஞ்சப்புறமும் நூலா நீண்டு போறது அது. மொத்தம் 20 செ.மீ. மேல் 15 செ.மீ. பைக்குள்ள. பை ரெண்டாவது திரிக எலும்புகிட்ட முடிஞ்சிடும் (திரிகம்னா இடுப்பு முள்ளெலும்புக்கும் வால் எலும்புக்கும் நடுவுல இருக்கறது). மிச்சம் 5 செ.மீ. வெளி உறையையும் போர்த்திக்கிட்டு கீழ இறங்கி வால் எலும்போட முதல் துண்டுக்குப் பின்னால ஒட்டிக்கும். ஆக வால் எலும்பு வரைக்கும் ஒண்ணு போறது நெசந்தான், ஆனா அது நங்கூரக் கயிறு. எல்லாரும் நினைக்கறது பாதி சரி.

மத்த நூலெல்லாம் நரம்பு வேர்கள், ஒரு பக்கத்துக்கு பத்து சோடி: இடுப்புப் பகுதியோட ரெண்டாவதுலருந்து அஞ்சாவது வரைக்கும், திரிகத்தோட அஞ்சு, வால் எலும்புக்கு ஒண்ணு.

ஒண்டிக்கடை_காபி
ஏற்காட்டுலருந்து. எனக்கு ஒரு அடிப்படை சந்தேகம். எலும்பு கீழ வரைக்கும் போகுது, தண்டுவடம் மட்டும் ஏன் பாதி வழியில நிக்குது? கடவுள் அளவு தப்பா எடுத்துட்டாரா?

எலும்புக்கூடு_ரெண்டாம்வருஷம்
கருவுல மூணாவது மாசம் வரைக்கும் ரெண்டும் ஒரே நீளம். ஒவ்வொரு நரம்பும் பக்கத்துல இருக்கற சந்து வழியா நேரா வெளிய போயிடும். அதுக்கப்புறம் எலும்பு வேகமா வளருது, தண்டுவடம் மெதுவா. தண்டுவடத்தோட மேல்முனை மூளையில கட்டிப்போட்டிருக்கறதால, கீழ்முனைதான் மேல போகற மாதிரி ஆகும். பொறக்கும்போது மூணாவது இடுப்பு எலும்புகிட்ட இருக்கும். சில மாசத்துல பெரியவங்க அளவுக்கு ஏறிடும். ஆனா நரம்பு பழைய சந்தை விட முடியாது. அதனால மேல இருந்து சாய்ஞ்சு, கீழ கீழ இறங்கி, தன்னோட பழைய வாசலுக்குத்தான் போகணும். அப்படி இறங்கறதுதான் குதிரைவால்.

ஒண்டிக்கடை_காபி
புரிஞ்சுபோச்சு. குடும்பம் ஏற்காட்டுக்குக் குடி வந்துடுச்சு, ரேஷன் கார்டு மட்டும் இன்னும் அடிவாரத்துல. அரிசி வாங்க மாசாமாசம் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் ஆகணும்.

மயக்கமருந்துக்காரி
இந்த இழையை அப்படியே மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பணும் போல.

இப்போது கொண்டலாம்பட்டி அக்காவுக்கு. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலிக்கும், அது உண்மை. தோல், கொழுப்பு, முள்ளெலும்புகளை இணைக்கும் தசைநார்கள், கடைசியில் மஞ்சள் தசைநார் என்று வரிசையாகக் கடந்துதான் ஊசி உள்ளே போகிறது. ஆனால் வருஷக்கணக்கில் தொடரும் முதுகுவலிக்கு அது காரணமில்லை. ஊசியே போடாமல் பெற்றவர்களுக்கும் அதே வலி வருகிறது. பத்து மாசம் முன்பாரம், தளர்ந்த மூட்டுகள், அப்புறம் குழந்தையை ஒரே பக்கம் இடுப்பில் தூக்கினது, உட்கார்ந்து பால் கொடுத்தது, இதெல்லாம் சேர்கிறது. நமக்கு ஞாபகம் இருப்பது ஊசிதான், ஏனென்றால் பயந்த நாள் அது.

கொண்டலாம்பட்டி_அக்கா
நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா வலிக்கறது அந்த இடத்துலதான். கை வச்சுக் காட்டுவேன்.

மயக்கமருந்துக்காரி
வலி இல்லையென்று நான் சொல்லவே இல்லை அக்கா. ஒரு தடவை யாரிடமாவது காட்டிவிடுங்கள். ஊசிமேல் பழியைப் போட்டுவிட்டு ஒன்பது வருஷம் சும்மா இருந்துவிட்டீர்கள், எனக்கு அதுதான் கோபம்.

ஆத்தூர்_பார்வையாளர்
டாக்டருங்க எல்லாம் நூத்துக்கு நூறு பாதுகாப்புன்னுதான் சொல்வாங்க. தப்பு நடந்தா வாயைத் திறக்கமாட்டாங்க.

மயக்கமருந்துக்காரி
திறக்கிறேன். எந்த இடைவெளி என்பதைப் பெரும்பாலும் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறோம். இரண்டு பக்க இடுப்பெலும்பின் உச்சியையும் கோடு போட்டு இணைத்தால் அது நாலாவது முள்ளெலும்பைத் தொடும் என்பது கணக்கு. கர்ப்பிணிகளுக்கு இடுப்பு சாய்ந்திருக்கும், சதை போட்டிருக்கும், தண்ணி கோத்திருக்கும். அப்போது கணக்கு தவறும், அதுவும் பெரும்பாலும் மேல்பக்கமாகத் தவறும். மூன்றாவதுக்குக் கீழே என்று நினைத்துக்கொண்டு இரண்டாவதுக்குக் கீழே குத்தியிருப்போம். இன்னொன்று, எல்லோருக்கும் கூம்பு ஒரே இடத்தில் முடிவதில்லை. சிலருக்கு இரண்டாவதைத் தாண்டியும் இறங்கியிருக்கும். இந்த இரண்டு தவறும் ஒரே ஆளிடம் கூடிவிட்டால் ஊசி கூம்பைத் தொட வாய்ப்பு உண்டு. அப்படி நடந்து காலில் பலவீனம் நிரந்தரமாகத் தங்கிவிட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அபூர்வம், ஆனால் இல்லாதது இல்லை. அதனால்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்த மேடம் "சந்தேகமா இருந்தா ஒரு படி இறங்கு" என்பார். கீழே போனால் நஷ்டம் ஒன்றுமில்லை, மேலே போனால்தான்.

ஒண்டிக்கடை_காபி
கூம்புன்னதும் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வருது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நாங்க காபித் தோட்டம். நிழலுக்கு நிக்கற சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி ஏத்தியிருப்போம். தை, மாசியில மிளகு பறிக்க மூங்கில் ஏணி போட்டு இருபது முப்பது அடி ஏறணும். சில வருஷம் முந்தி ஒருத்தர் அப்படி ஏறினவர் ஏணி சறுக்கி உட்கார்ந்த வாக்குல கீழ விழுந்துட்டார். ரத்தம் இல்ல. காலை ஆட்டிப் பார்த்தார், ஆடுச்சு. "ஒண்ணும் இல்லீங்க, வலிதான்"னார். நாலு பேரு கையையும் காலையும் புடிச்சு, நடுவு தொங்கத் தூக்கினோம். நானும் ஒரு காலைப் புடிச்சவன். ஜீப்புல முன் சீட்டுல உட்கார வச்சோம். அடிவாரம் வரைக்கும் ஒவ்வொரு வளைவுலயும் ஆள் துடிச்சார்.

கீழ ஒரு இடத்துல காட்டினோம். கால் ஆடுது, நடக்கவும் ரெண்டு எட்டு நடந்துட்டார், வலி ஊசி போட்டு அனுப்பிட்டாங்க. ராத்திரி முழுக்க ஒண்ணுக்கு வரல. பயத்துல வரலன்னு நினைச்சோம். காலையில பார்த்தா அடிவயிறு பானை மாதிரி. வேற இடத்துக்குத் தூக்கிட்டுப் போய் படம் எடுத்தா, இடுப்போட முதல் எலும்பு நொறுங்கிப் பின்பக்கம் தள்ளியிருக்கு. இன்னைக்கு நடக்கறார், தோட்டத்துக்கும் வர்றார். ஆனா ஒண்ணுக்குப் போக ஒவ்வொரு தடவையும் டியூப் விட்டுக்கணும். கால் நல்லா இருக்கு, அது மட்டும் எப்படிப் போச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல.

எலும்புக்கூடு_ரெண்டாம்வருஷம்
முதல் இடுப்பு எலும்பு உடைஞ்சா முதல் இடுப்பு நரம்புதானே அடிபடணும்? தொடை மேல்பக்கம் மரத்துப்போகணும். சிறுநீர்ப்பை எங்கிருந்து வந்துச்சு?

மயக்கமருந்துக்காரி
நேத்து நீயே பதில் சொல்லிட்டு இன்னைக்கு மறந்துட்டே தம்பி. எலும்பின் நம்பரும் உள்ளே இருக்கும் தண்டுவடத்தின் நம்பரும் கீழே போகப்போக ஒத்துப்போகாது. முதல் இடுப்பு எலும்புக்குள் இருப்பது கூம்பு. கூம்பில் இருப்பது திரிகத்தின் இரண்டு, மூன்று, நான்காம் நரம்புகள் கிளம்பும் இடம். சிறுநீர்ப்பை, மலக்குடல், அந்தரங்க உறுப்புகள், இவற்றின் கட்டுப்பாட்டு அறை மொத்தமும் அந்த இரண்டு மூன்று செ.மீ.க்குள் அடுக்கியிருக்கிறது. காலுக்குப் போகும் நரம்புகள் அதற்கு மேலேயே கிளம்பி, கூம்பின் ஓரமாக ஒதுங்கி இறங்குகின்றன. நடுவில் நசுங்கி ஓரம் தப்பித்தால் கால் ஆடும், சிறுநீர் வராது. ஒண்டிக்கடை அண்ணன் பார்த்தது அதுதான்.

அந்த எலும்பே ஏன் உடைகிறது என்றால், மேலே விலாக்கூடு அசையாமல் பிடித்திருக்கிறது, கீழே இடுப்பு வளைந்துகொடுக்கிறது. இரண்டும் சேரும் இடத்தில் பாரம் விழும். உயரத்திலிருந்து உட்கார்ந்தபடி விழுபவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான். நம்ம துரதிர்ஷ்டம், கூம்பும் அங்கேயே இருக்கிறது.

ஒண்டிக்கடை_காபி
நாங்க தூக்கினதால கெட்டுச்சா? நேரா சொல்லுங்க.

மயக்கமருந்துக்காரி
விழுந்தபோதே நடந்திருக்கலாம், தூக்கும்போது கூடியிருக்கலாம். யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதை மனசில் சுமக்காதீர்கள். இனிமேல் யாராவது விழுந்தால் உட்கார வைக்காதீர்கள், நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கட்டையாக உருளும்படி நாலு பேர் சேர்ந்து திருப்பி, பலகையிலோ கழற்றின கதவிலோ படுக்க வைத்துக் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். பாயில் தூக்கினால் நடுவு தொய்யும், அது கூடாது.

ஒண்டிக்கடை_காபி
ஸ்டோர் ரூம்ல ஒரு பழைய கதவு கிடக்கு. நாளைக்கே ஏணி வைக்கற கொட்டாய்க்குக் கொண்டாந்து வைக்கறேன்.

அம்மாபேட்டை_தறி
குழித்தறியில பத்து மணி நேரம் உட்கார்றவன் நான். டிஸ்க் விலகல்னு ஏற்கெனவே சொல்லியிருக்காங்க, இடது கால்ல இழுக்குது. எனக்கும் இந்த மாதிரி ஆகுமா?

மயக்கமருந்துக்காரி
உங்களுக்கு இருப்பது ஒரு நூல் நசுங்குவது. கூம்புக்குக் கீழே விலகும் டிஸ்க் பெரும்பாலும் அப்படித்தான், ஒரு கால் மட்டும் இழுக்கும். எப்போதாவது டிஸ்க் பெரிதாகப் பிதுங்கி நடுவில் தள்ளி மொத்தக் குஞ்சத்தையும் நெரிக்கும். இரண்டு காலும் இழுக்கும், சைக்கிள் சீட்டு படுகிற இடம் மரத்துப்போகும், கழுவும்போது தொட்டால் தெரியாது, சிறுநீர் முக்கினாலும் வராது அல்லது தெரியாமல் போகும். இதில் ஒன்று வந்தாலும் அன்று இரவே ஓடவேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. ஒன்றிரண்டு நாளுக்குள் நெரிப்பை எடுத்துவிட்டால் மீள வாய்ப்பு அதிகம். கூம்பு தண்டுவடம், செத்தால் திரும்ப முளைக்காது. வேர்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும் ரகம்.

ஆண்கள் இதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டே நாளைக் கடத்துவதுதான் வார்டில் நாங்கள் பார்ப்பது. வெட்கப்படாதீர்கள் அண்ணா.

எலும்புக்கூடு_ரெண்டாம்வருஷம்
இடையில ஒரு சுவாரஸ்யம். முதுகுல குத்தித் திரவம் எடுக்கறதை 1891-ல பிரபலமாக்கின க்வின்கே, இந்த மரத்துப்போகிற ஊசியை 1898-ல முதல்ல செஞ்ச ஆகஸ்ட் பியர், ரெண்டு பேரும் ஜெர்மனியில கீல் ஊர்க்காரங்கதான், அதாவது அங்க வேலை பார்த்தவங்க. பியர் தனக்கே போடச் சொன்னார். ஊசியும் சிரிஞ்சும் பொருந்தாம திரவம் ஒழுகிப்போச்சு. அதனால உதவியாளர் ஹில்டெபிராண்டுக்குப் போட்டு, முழங்காலுக்குக் கீழ சுத்தியால அடிச்சுப் பார்த்தாங்க, வலிக்கல. வெற்றின்னு ஒயினும் சுருட்டுமா கொண்டாடினாங்க. மறுநாள்லருந்து ரெண்டு பேருக்கும் தலைவலி. பியர் பல நாள் படுத்த படுக்கை.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு
என்னப்பா இது, தேதி நெருங்கற நேரத்துல தலைவலிக் கதை. அது இப்பவும் வருமா?

மயக்கமருந்துக்காரி
பையில் விழுந்த துளை வழியாகத் திரவம் கசிந்தால் வரும். எழுந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் சரியாகும், அதுதான் அடையாளம். அந்தக் காலத்து ஊசி தடிமன். இப்போது 25, 27 நம்பர், தலைமுடி மாதிரி. முனையும் வெட்டுகிற முனை இல்லை, பென்சில் மாதிரி, பையின் உறையில் உள்ள இழைகளை விலக்கிக்கொண்டு போகிற முனை. அதனால் ரொம்பக் குறைந்துவிட்டது. வந்தாலும் தண்ணீர், மாத்திரை, காபி. அதற்கும் அடங்காவிட்டால் அவர்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து அந்த இடத்தில் செலுத்துவோம், உறைந்து துளையை அடைக்கும், பஞ்சர் ஒட்டுகிற மாதிரி.

ஒண்டிக்கடை_காபி
காபி என் செலவு. முகவரி சொல்லுங்க, அரை கிலோ அனுப்பறேன்.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு
பதினோரு நாள் கழிச்சு வர்றேன். பொண்ணு பொறந்திருக்கா. 2 கிலோ 900. வீட்டுக்காரிகிட்ட குஞ்சக் கதையைச் சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். கன்னுக்குட்டி மாதிரி சுருண்டு உட்காரச் சொன்னாங்களாம், டக்குனு ஒண்ணு விட்ட மாதிரி இருந்துச்சாம், அப்புறம் பாதம் வெந்நீர்ல வச்ச மாதிரி சூடாச்சாம். ரெண்டு மணி நேரம் காலைத் தூக்க முடியலன்னு அழுதா, அப்புறம் பெருவிரல் ஆடினதும் சிரிச்சா. தலைவலி வரல. அம்மாயி "இப்ப வராது, அறுபதுல வரும்"னுட்டாங்க. அதை நான் ஜெயிக்க முடியாது.

ஆனா இப்ப புதுசா ஒரு பயம். குளிப்பாட்டறப்ப பார்த்தோம், பாப்பாவுக்கு முதுகுக்குக் கீழ ஒரு சின்னக் குழி. அம்மாயி அதிர்ஷ்டக் குழிங்கறாங்க. இங்க படிச்சதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரல. நங்கூரக் கயிறுன்னு தம்பி சொன்னானே, அதுல ஏதாச்சும் கோளாறா?

மயக்கமருந்துக்காரி
முதலில் வாழ்த்துகள். குழி பிட்டப் பிளவுக்குள்ளே இருக்கிறதா, மேலேயா? ஆசனவாயிலிருந்து எவ்வளவு தூரம்? பக்கத்தில் முடிக்கற்றை, சிவப்பு மச்சம், கட்டி ஏதாவது?

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு
பிளவோட மேல் முனையில. மூணு செ.மீ. இருக்கும், கொலுசு அளக்கற ஸ்கேல்ல பார்த்தேன். முடி கொஞ்சம் இருக்கு, ஆனா எங்க வீட்டுல எல்லாருக்கும் முடி அதிகம்.

மயக்கமருந்துக்காரி
பிளவுக்குள்ளே, ஆசனவாயிலிருந்து 2.5 செ.மீ.க்குள், அடி தெரிகிற சின்னக் குழி என்றால் விட்டுவிடச் சொல்லியிருப்பேன், நிறையக் குழந்தைகளுக்கு இருப்பதுதான். உங்களுடையது எல்லையைக் கொஞ்சம் தாண்டுகிறது, முடியும் சொல்கிறீர்கள். அதனால் ஸ்கேன் பார்த்துவிடுங்கள். நங்கூரக் கயிறு தடித்தோ கொழுப்பு சேர்ந்தோ இறுக்கிப் பிடித்தால் கூம்பு மேலே ஏற முடியாமல் கீழேயே மாட்டிக்கொள்ளும். பிள்ளை வளர வளர இழுபடும், கால், சிறுநீர் இரண்டிலும் பிறகு தெரியும். முன்கூட்டியே தெரிந்தால் சரிசெய்யலாம். ஒன்று மட்டும், மூணு மாசத்துக்குள் போங்கள். முள்ளெலும்பின் பின்பக்கம் இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் இப்போது சாதாரண அல்ட்ராசவுண்டே உள்ளே பார்த்துவிடும், ஊசியும் இல்லை மயக்கமும் இல்லை. எலும்பு இறுகிவிட்டால் அப்புறம் எம்.ஆர்.ஐ.தான்.

செவ்வாய்ப்பேட்டை_கொலுசு
இன்னைக்குக் காலையில அஸ்தம்பட்டி பக்கம் ஒரு சென்டர்ல எடுத்தோம். பாப்பாவை அம்மா மடியில குப்புறப் போட்டு, பால் குடிச்ச மயக்கத்துல இருக்கறப்பவே பார்த்துட்டாங்க. கூம்பு ரெண்டாவது இடுப்பு எலும்புகிட்டயே முடிஞ்சிருச்சாம், கயிறும் மெல்லிசாத்தான் இருக்குதாம், குழி தோலோட நிக்குதாம். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்புத் தண்ணிக்குள்ள வெள்ளை வெள்ளையா நூல் தொங்குது, சும்மா இல்ல, துடிக்குது. ஏன் துடிக்குதுன்னு கேட்டேன். பாப்பாவோட இதயத் துடிப்புக்குத் தக்கன ஆடுதுன்னார்.

அம்மாபேட்டை அண்ணா, குஞ்சம்தான். அப்படியே குஞ்சம்தான்.